மாற்றுக் குட்டி

பதினோராவது நிமிடத்திலாவது அவனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பட்டியின் வேலிக் கட்டையில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டு, நான்கு நாள் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த பேச்சை ஒரு வரி விடாமல் அப்பாவின் முதுகிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

"அதனால திங்கக்கிழமை போய்ச் சேந்துடறேன்ப்பா. லிஃப்ட் கம்பெனி. முப்பது மாடி, நாப்பது மாடிக் கட்டடத்துக்கெல்லாம் இவங்கதான்."

இந்த இடத்தில் அப்பா, "ஏறி எறங்கற வேலை இந்த மலையில இல்லாமயா அங்க போற?" என்று கேட்பார் என்று எதிர்பார்த்து அவன் ஒரு பதில் தயாரித்து வைத்திருந்தான். அப்பா கேட்கவில்லை. தயாரித்தது வீணாகிவிடக் கூடாதே என்று பதிலையும் சொன்னான்.

"லிஃப்ட்ல நாம ஏற வேண்டாம்ப்பா. அதுவே ஏறும்."

அப்பா வைக்கோலுக்கு மேல் விரித்த சாக்குப் படுதாவில், அவனுக்கு முதுகைக் காட்டி ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஆடுகள் குட்டி போடும் மாதத்தில் அவருக்கு ராத்திரி முழுக்கப் பட்டியில் வேலை; விடிந்தபின் அங்கேயே தூக்கம். அவரை யாரும் எழுப்புவதில்லை. எழுப்பினவர்கள் அடுத்த ராத்திரி அவருக்குப் பதிலாக ஆட்டைப் பார்க்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். தூக்கத்திலும் இரண்டு வகை உண்டு. ஒன்று நிஜத் தூக்கம். அதில் குறட்டை வரும். இன்னொன்று பேசப் பிடிக்காத தூக்கம். அதில் எல்லாம் காதில் விழும், கடைசியில் ஒரே ஒரு கெட்ட வார்த்தை வரும். குறட்டை இல்லை. ஆகவே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவன் முடிவுகட்டினான். போர்த்தியிருந்த சாம்பல் நிறக் கம்பளி நிதானமாக ஏறி இறங்கியது.

அவர் முதுகோடு ஒட்டி, பாதிக் கம்பளிக்குள் புகுந்து, அந்தப் பெட்டை நாய் படுத்திருந்தது. கன்றுக்குட்டி உயரம். அழுக்கு வெள்ளை. கழுத்தில், ஓநாய் வாய் வைத்தால் குத்துவதற்காக வெளிப்பக்கம் முள் வைத்த இரும்புப் பட்டை. வயிறு நிறையக் குட்டிகள். இந்த மலைக்காவல் சாதி நாயை வளர்ப்பதற்கு அப்பாவிடம் ஏகப்பட்ட சட்டங்கள் இருந்தன. குட்டி கண் திறப்பதே ஆட்டு மடிக்குப் பக்கத்தில்தான் நடக்க வேண்டும். வீட்டுப் படி ஏறக் கூடாது. தடவக் கூடாது. கொஞ்சக் கூடாது. முக்கியமாக, பேர் வைக்கக் கூடாது. "பேர் வச்சா கூப்பிடத் தோணும். கூப்பிட்டா அது உன்னைப் பாக்கும். அது உன்னைப் பாக்கற நேரத்துல ஓநாய் ஆட்டைப் பாக்கும்" என்பார். மாதம் ஒருமுறை இரும்புச் சீப்பால் சடை எடுப்பதும், பின்னங்காலில் இரட்டையாக முளைக்கும் ஒட்டுவிரலின் நகம் வளைந்து சதைக்குள் இறங்காமல் வெட்டிவிடுவதும் இந்தத் தடையில் அடங்காது, அது பராமரிப்பு. இரண்டு பிள்ளைகளையும் அவர் ஏறக்குறைய இதே முறைப்படிதான் வளர்த்தார். நகத்தை மட்டும் அவர்களே வெட்டிக்கொண்டார்கள்.

"ஆடுங்களை வியாபாரிக்குக் குடுத்துடலாம்ப்பா. மாமா ஆள் பேசி வச்சிருக்கார். நாயை டவுன்ல இருக்கற பாதுகாப்பு மையத்துல எடுத்துக்கறேன்னுட்டாங்க. சிமெண்ட்டுத் தரை. தனித்தனி ரூம். ஃபேன்கூட இருக்கு." நாயின் ஒரு காது திரும்பியது. அவன் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டான். "உங்களுக்கும் முன்ன மாதிரி முடியல. நான் மட்டும் இங்க உக்காந்துக்கிட்டு... சரிப்பா. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். உங்களுக்குச் சம்மதம்னா நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணினான். எட்டில் அந்தக் கெட்ட வார்த்தை வந்துவிடும் என்று பயந்தான். பத்தும் முடிந்தது. கம்பளி ஏறி இறங்கியது. ஒரு ஆடு தும்மியது.

இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக அப்பா அவன் பேச்சை மறுக்கவில்லை.

அவன் வீட்டுக்கு நடக்கவில்லை, மிதந்தான். வழியிலேயே அக்காவுக்குப் போன் போட்டு, "அப்பா சரின்னுட்டார்" என்றான். அக்கா மூன்று தடவை "பொய்" என்றாள். பின்னாலிருந்து அவள் வீட்டுக்காரரான மாமா, "நான் அப்பவே சொல்லல? பெரியவருக்கு எல்லாம் புரியும்" என்றது கேட்டது. ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயின் குரல் இப்படித்தான் இருந்திருக்கும் என்று அவனுக்கு எப்போதும் தோன்றும். இன்று அதுகூட இனிமையாக இருந்தது.

அடுப்படியில் அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா ஒத்துக்கிட்டார்."

"யாரோட அப்பா?"

"நம்ம அப்பாதான். பத்தரைக்குப் போய்ப் பேசினேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல."

அம்மாவின் கத்தி பாதித் தோலில் நின்றது. "திட்டலியா?"

"இல்ல."

"திரும்பிப் படுத்துக்கிட்டு ஏதாவது முணுமுணுத்தாரா?"

"இல்லம்மா. மௌனம் சம்மதம்."

"உங்கப்பாவுக்கா?" அம்மா எழுந்துவிட்டாள். "பல் டாக்டர் வாய்க்குள்ள ரெண்டு கையையும் விட்டிருந்தப்பகூட மறுத்துப் பேசின மனுஷன்டா அவரு."

பாதி சீவின கிழங்கைக் கையில் பிடித்தபடியே பின்வாசல் வழியாகப் போனாள். அவள் ஓடி அவன் பார்த்ததில்லை. இப்போதும் ஓடவில்லை, ஆனால் அவனால் கூடவே போக முடியவில்லை.

வேலிக்கு வெளியே நின்று, "இந்தாங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரைக் கூப்பிடும் ஒரே சொல் அதுதான். இன்னொரு தடவை, "இந்தாங்க, உங்களைத்தான்." மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குப் பதில் கையிலிருந்த கிழங்கை எறிந்தாள். அது அவர் தோளில் பட்டு, முதுகு வழியாக உருண்டு, நாயின் மூக்குக்கு முன்னால் போய் நின்றது.

நாய் எழுந்தது. அதன் மேல் கிடந்த பாதிக் கம்பளி சரிந்து விழுந்தது. அப்பாவின் மேல் இருந்த மீதிப் பாதி அப்படியே கிடந்தது. ஏறவில்லை. இறங்கவில்லை.

அவ்வளவு நேரமும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது நாய்.

"டாக்டரம்மாவுக்குப் போன் போடு" என்றாள் அம்மா. பால்காரருக்கு நாளைக்கு வேண்டாம் என்று சொல்லச் சொன்னது போலத்தான் இருந்தது. அவன் போனை எடுப்பதற்குப் பதில் வேலியைத் தாண்டினான். ஒரு காலைத்தான் உள்ளே வைத்தான். நாய் வந்துவிட்டது.

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இது குரைக்கவில்லை. ஈரத் தாடையை அவன் மார்பில் வைத்து, கதவைச் சாத்துவது போல அவனைப் பின்னால் தள்ளியது. அவன் மறுபடி கால் வைத்தான். இந்த முறை சட்டைக் கையைப் பல்லில் பிடித்தது. திங்கட்கிழமைக்கென்று வாங்கி, பேச்சுக்கு ஒரு கம்பீரம் இருக்கட்டும் என்று இன்றே போட்டுக்கொண்ட சட்டை. தோள் தையலிலிருந்து கை முழுசாகக் கழன்று வந்தது. தோலில் ஒரு கீறல் இல்லை. துண்டுத் துணியைக் கீழே போட்டுவிட்டு, அடுத்த தடவை துணியாக இருக்காது என்பது போல அவன் முகத்தைப் பார்த்தது. அவன் வேலிக்கு வெளியே வந்தான். நாய் திரும்பிப் போய் அப்பாவோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

அக்காவுக்கு முக்கால் மணி நேரத்தில் இரண்டாவது போன். முதல் போனில் அப்பா சம்மதித்திருந்தார், இரண்டாவதில் செத்துப் போயிருந்தார். அக்கா, "ரெண்டுல எதுடா நிஜம்?" என்று கேட்டாள்.

பகல் ஒரு மணிக்குள் வேலியோரம் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்துவிட்டது. டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தார். அக்காவும் மாமாவும் வேனில் வந்தார்கள். மாமா வழியிலேயே வனக்காவலரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வனக்காவலர் தனியாக வரவில்லை; தோளில் துப்பாக்கி இருந்தது.

டாக்டரம்மா வனக்காவலரின் பைனாகுலரை வாங்கி அப்பாவைச் சோதித்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கியது; அதை வைப்பதற்கு இருபதடி குறைந்தது.

"பாத்தா போனமாதிரிதான் தெரியுது" என்றார். "ஆனா தொட்டுப் பாக்காம நான் சர்டிஃபிகேட் எழுத முடியாது. ஏன், எப்படின்னு எழுதணும். கடைசியா யார் உயிரோட பாத்தது?"

"இவன்தான்" என்றாள் அக்கா. அவள் அழுது முடித்து, அடுத்து அழுவதற்கு நடுவில் இருந்தாள். "பத்தரைக்குக்கூடப் பேசிக்கிட்டு இருந்திருக்கான்."

டாக்டரம்மா படிவத்தில் எழுதத் தொடங்கினார். "பத்தரைக்குப் பேசினார்..."

"அவர் பேசல" என்றான் அவன்.

"பின்ன?"

"நான் பேசினேன். அவர்... கேட்டுக்கிட்டிருந்தார்."

அம்மா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை வேலியோரமே இழுத்துவந்து, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்டா நிரம்பி வழிந்தது. ஏன் என்று அக்கா கேட்டதற்கு, "ஆளுங்க வருவாங்கல்ல" என்றாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. கேட்டால் கத்தியைக் கீழே வைத்துவிடுவாள், வைத்தால் என்ன ஆகும் என்று தெரியாது.

"டாக்டரம்மா, தூக்க மாத்திரை இருந்தா குடுங்க. கறியில வச்சுப் போடலாம்" என்றார் மாமா.

"அது சினை நாய். வயித்துல இருக்கறதெல்லாம் போயிடும்."

மாமாவுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இருந்தாலும் ஒரு கறித்துண்டை வெறுமனே எறிந்து சோதித்தார். நாய் அதை மோந்து பார்த்துவிட்டு, பின்னங்காலால் வைக்கோலைத் தள்ளி மூடியது. பட்டித் தொட்டியில் வைப்பதைத் தவிர எதையும் தொடாத பழக்கம். அதுவும் அப்பாவின் சட்டம்தான்.

"மாட்டு டாக்டர் ஊசி போட்டு மயக்கிடுவார். ஆனா அவர் வெளியூர்ல இருக்கார். நாளைக்கு மத்தியானம் ஆகும்" என்றார் டாக்டரம்மா. வெயிலைப் பார்த்தார். ஈக்களைப் பார்த்தார்.

மாமா வனக்காவலரைப் பார்த்தார். "வேற வழி இல்லைங்க. மனுஷனா நாயான்னு வந்தா மனுஷன்தானே."

"மனுஷன் செத்துட்டாரே" என்றார் வனக்காவலர்.

"அதுக்காக? மாமனாரை இப்படியே போட்டு வைக்கச் சொல்றீங்களா?"

வனக்காவலர் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டார். "இந்த மலை மொத்தத்துலயும் இந்தச் சாதியில பெட்டை பதினொண்ணுதான் இருக்கு. போன மாசம் நான்தான் எண்ணி எழுதிக் குடுத்தேன். இதைச் சுட்டா, பத்துன்னு அதையும் நானே எழுதணும்." கொஞ்சம் யோசித்தார். "நாலு மணி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க தம்பி. இல்லைன்னா உங்க அக்கா வீட்டுக்காரர் சொல்றதுதான்."

'தம்பி' என்று அவனைப் பார்த்துத்தான் சொன்னார். எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். வீட்டில் இருந்த பிள்ளை அவன். ஆட்டையும் நாயையும் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவன். அவனுக்குத் தெரிந்ததெல்லாம், எந்த மையத்தில் ஃபேன் இருக்கிறது என்பதுதான்.

நாய் எஜமானைக் காக்கிறது என்று அக்கா சொல்லி, அதற்காகவும் ஒருமுறை அழுதாள். அவனுக்கு அப்படித் தோன்றவில்லை. செத்துப் பிறந்த ஆட்டுக்குட்டியின் பக்கத்திலும் அது இப்படித்தான் படுத்திருக்கும். ஒரு காக்கை அண்ட முடியாது. அதற்கு எஜமான் என்று யாரும் இல்லை. வீட்டில் இருப்பவர்கள் வீட்டில் இருப்பவர்கள். பட்டியில் இருப்பது ஆடு. அது பிறந்ததிலிருந்து ஆறு வருஷமாக ஆடுகளுக்கு நடுவில் படுத்து எழுந்த அப்பாவை அது எந்தப் பக்கம் சேர்த்திருக்கிறது என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. அதன் கணக்கில் ஒரு கிழட்டு ஆடு விழுந்துவிட்டது.

"செத்த குட்டியை மட்டும் அப்பா எப்படி எடுப்பார்?" என்று வாய்விட்டே கேட்டான்.

யாருக்கும் தெரியவில்லை. பிறகு அம்மா, கிழங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"நாலு கால்ல."

"என்னம்மா?"

"நாலு கால்ல போவாரு. அந்தக் கம்பளி அங்கியைப் போட்டுக்கிட்டு, ஆடுங்களோட ஆடா முட்டி போட்டு. நின்னுக்கிட்டுப் போனா விடாது." ஒரு கிழங்கை அண்டாவில் போட்டாள். "உயிரோட இருக்கற குட்டி ஒண்ணை அங்கிக்குள்ள வச்சு எடுத்துக்கிட்டுப் போவாரு. செத்தது பக்கத்துல அதைப் படுக்க வைப்பாரு. நாய் ரெண்டையும் மோந்து பாத்துட்டு, எது அசையுதோ அது பக்கம் போய்ப் படுத்துக்கும். அப்புறம் செத்ததை இழுத்துக்கிட்டு வந்துடுவாரு. நான் ஒருநாள் பாத்துட்டுச் சிரிச்சேன். ஒரு வாரம் என்கூடப் பேசல."

"பேசலியா?" என்றாள் அக்கா. "அப்பாவா?"

"திட்டினாரு. பேசல."

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று எல்லோர் வாயிலும் இருந்தது. கடைசியில் வனக்காவலர் கேட்டார்: "அப்ப, இவருக்குப் பதிலா எதைப் படுக்க வைக்கறது?"

ஒவ்வொருவரும் மற்றவர்களை மேலும் கீழும் அளந்தார்கள். அக்காவின் பார்வை மாமாவிடம் போய் நின்றது.

"எனக்கு முட்டி வலி" என்றார் மாமா.

அப்பாவின் அங்கி பின்வாசல் ஆணியில் தொங்கியது. ஆட்டு மயிரை அமுக்கித் தைத்த தடித்த கம்பளி. தரையில் வைத்தால் தானாக நிற்கும். அவன் அதற்குள் புகுந்தபோது ஆட்டுக் கொழுப்பும் புகையும் வியர்வையும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. அந்த வாடையைப் பற்றி இந்த வீட்டில் அவன் பேசாத பேச்சில்லை. அம்மா அவன் கழுத்துக் கயிற்றைக் கட்டிவிட்டாள். கையில் உருளைக்கிழங்கு ஈரம்.

"நேரா போவாத" என்றாள். "ஆடு எங்கயும் நேரா போவாது."

அவன் வேலியின் கீழ்ப்பக்கம் ஒரு கட்டையை விலக்கி, குனிந்து உள்ளே நுழைந்தான். ஆடுகள் முதலில் ஒதுங்கின. பிறகு, இது அந்த அங்கிதான் என்று கண்டுகொண்டு திரும்பி வந்து இடித்துக்கொண்டு நின்றன. அவன் நடுவில் புகுந்து புகுந்து போனான். உள்ளங்கையில் வைக்கோல் குத்தியது. முட்டிக்குக் கீழே எது மெத்தென்று நசுங்குகிறது என்று யோசிக்காமல் இருக்க முயன்றான். வேலியோரம் ஐந்து பேர் நின்று பார்ப்பதும், அதில் ஒருவர் கையில் துப்பாக்கி இருப்பதும் முதுகில் உறைத்தது. திங்கட்கிழமை முப்பது மாடி ஏற இருந்தவன்.

நாய் தலையைத் தூக்கியது.

அவன் நின்றான். ஒரு ஆடு அவன் அங்கியின் விளிம்பைக் கடித்து இழுத்தது. நாய் எழுந்து வந்தது. இப்போது அதன் முகம் அவன் முகத்துக்கு நேராக, அதைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது. இரும்பு முட்கள் கன்னத்துக்கு ஒரு விரல் தள்ளி. அது அவன் காதை மோந்தது, கழுத்தை மோந்தது, அங்கிக்குள் மூக்கை விட்டு அக்குளை மோந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூச்சு மட்டும் சூடாக வந்துகொண்டே இருந்தது. பிறகு வரவில்லை. கண்ணைத் திறந்தபோது நாய் திரும்பிப் போய்ப் படுத்திருந்தது. அவன் ஒரு பொருட்டில்லை என்று தீர்ப்பாகிவிட்டது.

இன்னும் நாலடி. அவன் சுற்றிக்கொண்டு அப்பாவின் முகப் பக்கம் வந்தான்.

காலையில் முதுகைத்தான் பார்த்திருந்தான். அப்பாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. கோபமாக இல்லை, எதையோ தேடி, அது அங்கேயே இருப்பதைக் கண்டுகொண்ட மாதிரி இருந்தது. காதுக்குள் ஒரு வைக்கோல் துரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதை எவ்வளவு நேரமாக அவர் தட்டிவிடாமல் இருக்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது.

"தொட்டுப் பாருங்க!" டாக்டரம்மாவின் குரல் தூரத்திலிருந்து வந்தது. "கழுத்துல, தாடைக்குக் கீழ!"

தொட்டான். பிப்ரவரி மாதக் குழாய் போலச் சில்லென்று இருந்தது.

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"கை மடங்குதா பாருங்க. முழங்கையில!"

அப்பாவின் கையைப் பிடித்தான். அது தரையோடு சேர்த்துச் செய்ததுபோல இருந்தது. "மடங்கல."

"விரல்?"

"மடங்கல."

"முகத்துல, தரையோட ஒட்டின பக்கம், ஊதா நிறமா இருக்கா?"

இருந்தது. சொன்னான்.

டாக்டரம்மா எதையோ கணக்குப் போட்டார். பிறகு, மற்றவர்களுக்கும் கேட்கும் என்பதை யோசிக்காமல், தொழில்காரக் குரலில் கூவினார்: "அப்ப விடியக்காலை நாலு, அஞ்சு மணிக்கே போயிருக்கணும்! நீங்க பத்தரைக்குப் பேசினேன்னு சொன்னீங்களே?"

அக்கா அவனைப் பார்த்தாள். மாமா வனக்காவலரைப் பார்த்தார். 'அப்பா சரின்னுட்டார்' என்ற அந்த முதல் போன் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வருவது, அங்கிருந்தே தெரிந்தது. அவன் வைக்கோலில் முட்டி போட்டு, இரண்டு கையும் ஊன்றி நின்றான்.

"நான்தான் டாக்டர் பேசினேன்" என்றான்.

"இல்ல, நேரம் எழுதணும், அதான் கேக்கறேன்..."

"விடுங்க டாக்டரம்மா" என்றாள் அம்மா. "அவன் பேசினான். அவரு கேக்கல. எங்க வீட்டுல எப்பவும் நடக்கறதுதான். நாலரைன்னு எழுதிக்குங்க."

அவன் துரும்பை அப்பாவின் காதிலிருந்து எடுத்தான். அதைப் போட ஓர் இடம் தேடினான். சுற்றிலும் வைக்கோல்தான். இருந்தாலும் உடனே போட முடியவில்லை.

பிறகு படுத்தான். அப்பா படுத்திருந்த மாதிரியே ஒருக்களித்து, அவருக்கு எதிரில், படுதாவுக்கு வெளியே, ஒரு சாண் இடைவெளியில். நினைவு தெரிந்து அவர் பக்கத்தில் அவன் படுத்ததில்லை. "காலைல சொன்னதெல்லாம்..." என்று மெதுவாகத் தொடங்கினான். மீதி வாக்கியம் ஒத்திகையில் இல்லை.

நாய் எழுந்து வந்து இருவரையும் பார்த்தது. அப்பாவை மோந்தது. அவனை மோந்தது. மறுபடி அப்பாவை மோந்து, மூக்கால் அவர் தோளை ஒருமுறை இடித்தது; எழுந்திருக்காத குட்டியை இடிப்பதுபோல. காத்திருந்தது. இன்னொரு தடவை இடித்தது.

அவனுக்கு நடுக்கம் வந்திருந்தது. அடக்கிப் பார்த்தான், பல் கிட்டித்தது, கால் உதறியது, அந்தக் கனத்த அங்கியே குலுங்கியது. நாய் தலையைத் திருப்பி அதைப் பார்த்தது. அப்பாவைத் தாண்டி வந்தது. அவன் முதுகுப் பக்கம் சுற்றிப் போய், ஒரு பெருமூச்சோடு முழுப் பாரத்தையும் அவன்மேல் சாய்த்துப் படுத்துக்கொண்டது.

"இப்ப!" என்றார் வனக்காவலர்.

துப்பாக்கியை மாமாவின் கையில் திணித்துவிட்டு அவர் உள்ளே நுழைந்தார். பின்னால் அக்கா. இரண்டு பேரும் நாலு காலில், சாக்குகளைப் போர்த்திக்கொண்டு, நேராகப் போகாமல் வளைந்து வளைந்து வந்தார்கள். அக்காவின் மூக்கிலிருந்து நீர் ஒழுகியது. துடைக்கக் கை இல்லை. அப்பா படுத்திருந்த படுதாவின் இரண்டு மூலைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்தார்கள். அப்பா அசைந்தார். ஒருக்களித்தபடியே, மடங்கின முழங்காலோடு, அவனுக்கு எதிரிலிருந்து மெல்ல விலகிப் போனார். நாயின் உடம்பு ஒரு கணம் விறைத்தது; அவன் முதுகில் அது தெரிந்தது. அடித்தொண்டையில் ஏதோ உறுமல் எழுந்தது. அவன் நடுங்கிக்கொண்டே இருந்தான். உறுமல் நின்றது.

படுதா வேலியோரம் போய்ச் சேர்ந்தது. டாக்டரம்மா மண்டியிட்டு ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், தேவையில்லாவிட்டாலும் வைத்தார். மாமா துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல், பிறகு அதை வேலியில் சாய்த்துவிட்டு, வந்து ஒரு மூலையைப் பிடித்தார். முட்டி வலிக்கிறது என்று சொல்லவில்லை. நான்கு பேருமாகத் தூக்கினார்கள். அக்கா மட்டும் திரும்பி, "டேய், வந்துடுடா" என்றாள்.

"நீங்க போங்க" என்றான். "இப்ப எழுந்தா விடாது. வரேன்."

அவர்கள் பட்டி வாசல் வழியாக, ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், படி இறங்கி வீட்டுப் பக்கம் போனார்கள். "பாத்து, பாத்து, தலைப் பக்கம் தூக்கு" என்று யாரோ சொன்னார்கள். அம்மா கடைசியாகப் போனாள். கத்தி இன்னும் அவள் கையில் இருந்தது. அவர்கள் போவதைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், பட்டி வாசல் திறந்து கிடப்பதைப் பார்த்தாள். பழக்க தோஷம், போகிற போக்கில் கதவை இழுத்துச் சாத்தி, வெளியிலிருந்து கொண்டியைப் போட்டுவிட்டு நடந்தாள்.

அந்தச் சத்தத்துக்கு ஆடுகளெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. அவனும் பார்த்தான்.